முந்நூறு சதுர அடியும் பத்து முழமும்



சென்ற ரமலானுக்குச் சற்று முன்னர், அறந்தாங்கிக்குக் கிழக்கே ஓர் ஊரில் ஜுமுஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது சகோதரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவரிடம் ஒன்றரை சென்ட் மனை இருக்கிறது. கஜா புயலில் கூரையை இழந்த வீடு அதன்மேல் இன்னமும் தார்ப்பாயுடன் நிற்கிறது. வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த தொகை ஒரு சிறு வீட்டுக்குப் போதும். மாடி வீட்டுக்குப் போதாது. அவருக்கு இரண்டு பெண் மக்கள். "காக்கா, முந்நூறு சதுர அடியில் கட்டினால் பெண் கேட்டு வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். பெரிதாகக் கட்டக் கடன் வாங்கினால் வட்டி. இவ்வளவு சிறிய வீட்டில் நம்மவர்கள் எப்போதாவது மதிப்போடு வாழ்ந்திருக்கிறார்களா?" என்று கேட்டார்.

அன்று நான் சொன்ன மறுமொழி எனக்கே நிறைவாக இல்லை. நூல்களைப் புரட்டி, நம் மாவட்டத்து வீடுகளின் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

மதீனாவின் அளவுகள்

கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்து பள்ளிவாசலைக் கட்டியபோது, அதன் சுவரை ஒட்டி முதலில் இரண்டு அறைகளே எழுந்தன. அன்னை ஸவ்தா (ரலி) அவர்களுக்கு ஒன்று, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு ஒன்று. பின்னர் அவை ஒன்பதாயின. சில சுடாத செங்கல்லால் ஆனவை. மற்றவை பேரீச்ச மட்டைகளை நட்டு மண் பூசியவை. இவ்வறைகளைப் பிற்காலத்தில் கண்டவர்கள் வியந்ததோடு நிற்காமல் அளந்தும் வைத்தார்கள் என்பதை வரலாறு படிக்கிற நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும்.

மதீனாவாசியான தாவூத் இப்னு கைஸ் அவர்கள் தரும் கணக்கு இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் அல்அதபுல் முஃப்ரத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. முன்புற அடைப்பின் வாயிலிலிருந்து உள்ளறையின் வாயில் வரை ஆறு அல்லது ஏழு முழம். உள்ளறை பத்து முழம். ஒரு முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டால், முன்புறம் ஒன்பது முதல் பத்தரை அடி, உள்ளறை பதினைந்து அடி.  வாயிலில் தொங்கிய மயிர்க்கம்பளித் திரையை அளந்த மற்றொருவர், மூன்று முழ நீளமும் ஒரு முழத்துக்குச் சற்றே மிகுந்த அகலமும் இருந்ததாகச் சொல்கிறார். உள்ளே நுழைகிறவர் குனிந்துதான் நுழைந்திருக்க வேண்டும். ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் சிறுவர். அவ்வறைகளுக்குள் சென்றால் தம் கை கூரையைத் தொடும் என்று அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

முழக்கணக்கைவிடத் தெளிவான ஓர் அளவையும் ஹதீஸ் நூல்கள் தருகின்றன. நபி (ஸல்) அவர்கள் இரவில் தொழும்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கிப்லாத் திசையில் படுத்திருப்பார்கள். ஸஜ்தாச் செய்யும் வேளையில் நபியவர்கள் மெல்லத் தொடுவார்கள். அன்னையவர்கள் கால்களை மடக்கிக்கொள்வார்கள். நபியவர்கள் எழுந்ததும் மீண்டும் நீட்டிக்கொள்வார்கள். அந்நாளில் வீடுகளில் விளக்கு இல்லை என்றும் அன்னையவர்களே சொல்கிறார்கள். ஒருவர் படுக்கவும் மற்றொருவர் ஸஜ்தாச் செய்யவும் ஒரே நேரத்தில் இடம் கொள்ளாத அறை அது. அதே அறையில்தான் நபியவர்களும், பிறகு அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரும் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

அந்த அறையின் கதவு ஒற்றைக் கதவு. அது அர்அர் மரத்தாலோ ஸாஜ் மரத்தாலோ ஆனது என்று அறிவிப்பு இருக்கிறது. ஸாஜ் என்பது தேக்கு. அரபு மண்ணில் வளராத மரம். இந்தியாவிலிருந்து கடல்வழியே சென்றது. மண்சுவருக்கும் ஓலைக்கூரைக்கும் நடுவே நம் நாட்டு மரத்தாலான கதவு ஒன்று இருந்திருக்கக்கூடும் என்று நினைக்கையில் உள்ளம் நெகிழ்கிறது. பின்னாளில் உஸ்மான் (ரலி) அவர்கள் பள்ளிவாசலைச் செதுக்கிய கல்லும் காரையும் கொண்டு விரித்துக் கட்டியபோது கூரைக்குத் தேக்கையே பயன்படுத்தினார்கள். அம்மாற்றத்தை அன்றைய மக்களில் பலர் விரும்பவில்லை. பழைய நிலையிலேயே விட்டுவிட வேண்டும் என்றார்கள். கட்டடம் பற்றிய வாதம் நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல!

அறைகள் இறுதியில் இடிக்கப்பட்டன. உமய்யாக் கலீஃபா வலீத் பள்ளிவாசலை விரிவாக்க ஆணையிட்டபோது, ஹிஜ்ரி 88இல், மதீனாவின் ஆளுநராக இருந்தவர் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்). ஆணை வாசிக்கப்பட்ட நாளில் மதீனா மக்கள் அழுத அளவுக்கு வேறெந்த நாளிலும் அழுததைத் தாம் கண்டதில்லை என்று அங்கிருந்தவர் அறிவித்திருக்கிறார். பேரறிஞர் ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களின் வருத்தத்தை இப்னு ஸஅத் பதிந்துள்ளார். அவ்வறைகளை அப்படியே விட்டிருந்தால், பின்னே வரும் தலைமுறையினர் தம் நபி எதைக் கொண்டு மனநிறைவு அடைந்தார் என்பதைக் கண்ணால் கண்டிருப்பார்கள். செல்வம் பெருக்குவதிலும் பெருமை பேசுவதிலும் அவர்களுக்கு நாட்டம் குறைந்திருக்கும் என்பது அவர் கருத்து.

மூன்று அறைக்கு மேல் வேண்டாம்

சிறு வீடு நபியவர்களின் தனிப்பட்ட எளிமை மட்டுமன்று. சிறிது காலம் அது ஓர் ஆட்சியின் நகரமைப்பு விதியாகவும் இருந்தது. ஈராக்கில் பஸராவையும் கூஃபாவையும் அமைத்தபோது முஸ்லிம்கள் முதலில் நாணற்குடில்களே போட்டார்கள். பஸராவாசிகள் போருக்குப் புறப்படும்போது நாணலைப் பிடுங்கிக் கட்டி அடுக்கிவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து மீண்டும் நட்டுக்கொள்வார்கள். பின்னர் தீப்பிடித்துக் குடில்கள் எரிந்தன. செங்கல்லால் கட்டிக்கொள்ள உமர் (ரலி) அவர்களிடம் அனுமதி கேட்டார்கள். அனுமதி கிடைத்தது, நிபந்தனையோடு. எவரும் மூன்று அறைக்கு மேல் கட்டக்கூடாது; உயரத்தில் ஒருவரோடு ஒருவர் போட்டியிடக்கூடாது. வீட்டைக் குறுக்கிய அதே திட்டத்தில் பெருவீதிகள் நாற்பது முழம், அடுத்தவை முப்பது, இருபது. மிகச் சிறிய சந்தும் ஏழு முழத்துக்குக் குறையக்கூடாது என்று வகுக்கப்பட்டதைத் தபரீ எழுதுகிறார். இன்று நம் ஊர்களில் இதற்கு நேர்மாறாக வீடு வளர்கிறது, சந்து சுருங்குகிறது. ஜனாஸாக் கட்டிலைத் திருப்ப இடமில்லாத தெருக்கள் எத்தனை!

உமர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், நபியவர்களின் காலத்தில் மழையிலிருந்து காக்கவும் வெயிலுக்கு நிழல் தரவும் தம் கையாலேயே ஒரு வீடு கட்டியதையும், அதற்கு எவரும் தமக்கு உதவவில்லை என்பதையும் கூறியுள்ளார்கள். புகாரீயில் அதை அடுத்தே இன்னொரு செய்தி வருகிறது. நபியவர்கள் மறைந்தபின் தாம் செங்கல்மேல் செங்கல் வைத்ததில்லை என்று அவர்கள் சத்தியமிட்டுச் சொன்னார்கள். அறிவிப்பாளர் ஸுஃப்யான் இதை அக்குடும்பத்தார் ஒருவரிடம் சொல்ல, அவரோ, 'இல்லை, அவர் கட்டினார்' என்கிறார். அப்படியானால் கட்டுவதற்கு முன்பு சொல்லியிருப்பார் போலும் என்று ஸுஃப்யான் அமைதி காண்கிறார். இத்தகைய சிறு முரணையும் மறைக்காமல் பதிந்து வைத்த நேர்மையை எண்ணி மகிழ்கிறேன்.

ஆயினும் சிறுமையே சிறப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விசாலமான வீடு மனிதனின் நற்பேறுகளில் ஒன்று என நபியவர்கள் எண்ணிக் காட்டிய ஹதீஸும் நம்மிடம் இருக்கிறது. நோயுற்ற நிலையில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த கப்பாப் (ரலி) அவர்கள், ஒரு முஸ்லிம் செலவிடும் அனைத்துக்கும் நற்கூலி உண்டு, இந்த மண்ணில் போடுவதற்குத் தவிர என்று சொன்னதும் இருக்கிறது. அதைச் சொல்லும்போதும் அவர் கட்டிக்கொண்டுதான் இருந்தார். தேவைக்குக் கட்டுவது ஒன்று; தெருவுக்குக் காட்டக் கட்டுவது வேறொன்று. அறிஞர் பெருமக்கள் இரண்டு வகைச் செய்திகளையும் இவ்வாறு பிரித்தே விளக்கினார்கள்.

செங்கல் ஓர் உரிமையாக இருந்த காலம்

இனி நம் மண்ணுக்கு வருவோம். இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் 14.1.1974 அன்று உருவானது. தொண்டைமான் சமஸ்தானமாக இருந்து 3.3.1948இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைந்த உட்பகுதியும், தஞ்சை மாவட்டத்திலிருந்து பிரித்துச் சேர்க்கப்பட்ட அறந்தாங்கிப் பக்கமும் கடற்கரையும் சேர்ந்ததே இது. அதனால் இம்மாவட்டத்தில் சிறு வீட்டின் மரபும் ஒன்றாக இல்லை.

சமஸ்தானத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைத் திரட்டி 1929இல் அச்சிட்டார்கள். கோயில், ஏரி, நிலக்கொடை, வரி என எல்லாம் அவற்றில் உண்டு. ஏழையின் வீடு இல்லை. மண்ணும் ஓலையும் மண்ணோடு போய்விடுபவை. ஆனால் தமிழகத்துச் செப்பேடுகளில் ஒரு செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. பிராமணர்களுக்கு ஊர் கொடையளிக்கும்போது, சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளும் உரிமையையும் அரசன் சேர்த்துக் கொடுப்பான். கொங்கு நாட்டில் கம்மாளர்கள் தம் வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொள்ளவே அரசாணை வேண்டியிருந்தது. சுட்ட செங்கல்லும் காரைப்பூச்சும் கேட்டுப் பெற வேண்டிய உரிமைகளாக இருந்தன. அவ்வுரிமை இல்லாதவன் எவ்வளவு உழைத்தாலும் மண்சுவருக்குள் வாழ வேண்டியதுதான். கூரை வீட்டைக் கண்டு நம் மக்கள் கூச்சப்படுவதன் வேர் பணத்தில் மட்டும் இல்லை. இப்பழைய வரிசையில் ஆழமாகப் புதைந்திருக்கிறது. மதீனாவில் ஆட்சித் தலைவரே மண்ணறையில் வாழ்ந்தார் என்பதன் கனம், இதை அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது.

உட்பகுதியில் செம்மண் தாராளம். கந்தர்வகோட்டை, ஆலங்குடிப் பக்கங்களில் செம்பூரான் கல்லும் கிடைக்கிறது. நிலத்தடியில் இருக்கும்போது வெட்டுவதற்கு மென்மையாகவும், காற்றும் வெயிலும் பட்டபின் கெட்டியாகவும் ஆகிற கல் அது. அதைக் கொண்டு ஈமக்குழிகளை அமைத்த பெருங்கற்கால மக்கள் தொடங்கிச் சென்ற தலைமுறை வரை அதன் அருமையை அறிந்திருந்தார்கள். கல் வாங்க இயலாதவர்கள் மண்சுவர் வைத்தார்கள். மண்ணை வைக்கோலோடு சேர்த்து நீர்விட்டுச் சில நாள் ஊறவைத்து, காலால் மிதித்துப் பதப்படுத்தி, உருண்டை உருண்டையாக எடுத்து அடுக்குவார்கள். ஏறக்குறைய ஒரு முழம் எழுந்ததும் நிறுத்தி, அது காய்ந்தபின் அடுத்த சுற்று. அவசரப்பட்டால் சுவர் அமுங்கிவிடும். ஆகவே மழைக்காலம் கழிந்து கோடை வரும்வரை வேலை மெதுவாக நடக்கும், குடும்பமே வேலையாட்கள். ஒன்றரை அடிக் கனமுள்ள அச்சுவரின் உள்ளே சித்திரை வெயிலிலும் உறங்கலாம். மேலே பனங்கை, அதன்மேல் பனையோலையோ தென்னங்கீற்றோ வைக்கோலோ.

கடற்கரையில் நிலைமை வேறு. கட்டுமாவடியிலிருந்து அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம் வழியாக மீமிசல் வரை மணற்பாங்கு. மணலில் மண்சுவர் நிற்காது. எனவே ஏழைகளுக்குக் கீற்றுத் தட்டி. வசதியுள்ளவர்களுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புக் காரை. மங்களூரில் 1865இல் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையின் சீமை ஓடு பரவியபின் நடுத்தரக் குடும்பங்கள் ஓட்டு வீட்டுக்கு மாறின. இலங்கை, பர்மா, மலாயா என்று கடல் கடந்தவர்களின் பணம் முதலில் கதவிலும் நிலையிலும் தெரிந்தது. 1970களுக்குப் பிறகு வளைகுடாப் பணம் மேலே, மாடியில் தெரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வடக்கே அதிராம்பட்டினத்திலும், தெற்கே கீழக்கரை, காயல்பட்டினத்திலும் பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடிக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அதில் நன்மை இல்லாமல் இல்லை. தாய்வீட்டின் அருகிலேயே தன் பெயரில் வீடுள்ள பெண்ணை எவரும் எளிதில் வெளியேற்ற முடியாது. ஆனால் மூன்று பெண் பிள்ளைகளுள்ள தகப்பன் மூன்று வீடு கட்ட வேண்டும்; மனை துண்டாகும்; கடன் ஏறும். வழக்கம் இல்லாத ஊர்களிலும் 'வீடு எப்படி?' என்ற கேள்வி மாப்பிள்ளை வீட்டாரின் வாயில் முதலில் வருகிறது. மஹரை ஆண் கொடுக்க வேண்டிய மார்க்கத்தில், பெண்ணின் தகப்பன் வீட்டின் உயரத்தால் அளக்கப்படுகிறான். முந்நூறு சதுர அடியின் உண்மையான இடைஞ்சல் கொத்தனாரிடம் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

16.11.2018

அன்று அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், திருவாரூர், தஞ்சை மாவட்டங்களைக் கடந்து புதுக்கோட்டைக்குள் வந்தபோதும் முழுதாக வலுவிழந்திருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னைகள் ஓரிரவில் சாய்ந்தன. கூரை வீடுகள் பறந்தன, ஓடுகள் நொறுங்கின. அடுத்த சில நாட்களில் ஒரு கொடிய முரண் தெரிந்தது. தென்னையே விழுந்துவிட்டதால், விழுந்த மட்டைகளைப் பின்னி முடித்த பிறகு வரும் ஆண்டுகளுக்குக் கீற்றுக்கு எங்கே போவது? வீட்டை மீண்டும் மீண்டும் புதுப்பித்துத் தந்த மரமே போயிற்று. கூரை வீட்டின் பொருளாதாரம் பக்கத்துத் தோப்பில் இருந்தது என்பதைத் தோப்பு அழிந்த பின்னரே பலர் உணர்ந்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் தார்ப்பாய். வெயிலில் கிழியும், மாற்ற வேண்டும், அதற்கும் பணம்.

கூரையைக் காங்கிரீட்டாக மாற்றும் அரசு முயற்சி அதற்கும் முந்தியது. மத்திய அரசின் இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985இல் தொடங்கியது. தமிழக அரசு 2010இல் 21 லட்சம் குடிசைகளை மாற்றும் கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தை வீட்டுக்கு 75,000 ரூபாய் என அறிவித்தது. 2011இல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், சூரிய ஒளி விளக்குகள், மழைநீர்ச் சேகரிப்பு. 2016இல் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் குறைந்த அளவை 25 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 269 சதுர அடி என்று வைத்தது. 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடிக்கு 3.50 லட்சம் ரூபாய் என அறிவித்தது. ஆட்சிகளும் பெயர்களும் மாறினாலும் எண் மட்டும் முந்நூறைச் சுற்றியே நிற்கிறது. பத்து முழ உள்ளறையும் ஏழு முழ முன்புறமும் சேர்த்தால் நீளம் இருபத்தைந்து அடி சொச்சம். அதற்குப் பன்னிரண்டு அடி அகலம் வைத்தால் முந்நூறு சதுர அடி. இது என் கணக்கு. எவரும் ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

இத்திட்ட வீடுகளில் எனக்குள்ள குறை அளவைப் பற்றியதன்று. ஒரே வரைபடம் கடற்கரைக்கும் செம்மண் நிலத்துக்கும் பொருந்தாது. தட்டையான காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் உள்ளே உமிழ்கிறது. மண்சுவரில் உறங்கிய பாட்டிமார்கள் புது வீட்டை விட்டு வாசலில் பாய் விரிப்பது இதனால்தான்.

எகிப்தின் ஹஸன் ஃபத்ஹீ இதைப் பற்றி வாழ்நாள் முழுதும் சிந்தித்தவர். 1900இல் பிறந்து 1989இல் மறைந்த கட்டடக் கலைஞர். இரண்டாம் உலகப் போரில் மரமும் இரும்பும் கிடைக்காதபோது, அஸ்வான் பக்கத்து நூபியக் கொத்தனார்கள் சாரம் இல்லாமலேயே மண் செங்கல்லால் வளைகூரை கட்டுவதைக் கண்டு, அவர்களிடம் மாணவனைப் போலப் பாடம் கேட்டார். 1940களின் பிற்பகுதியில் லக்சர் அருகே புதிய கூர்னா என்ற கிராமத்தை அம்முறையில் எழுப்பினார். அழகான கிராமம், ஆனால் குடியேற வேண்டியவர்கள் பெரும்பாலும் வர மறுத்தார்கள். அவர்களின் பிழைப்பு பழைய ஊரில் இருந்தது. புதிய ஊர் அரசு முடிவு. தம் தோல்வியையும் மறைக்காமல் அவர் எழுதிய நூல் 1973இல் சிகாகோவிலிருந்து வெளியாகி உலகெங்கும் வாசிக்கப்பட்டது. நமக்கருகே கேரளத்தில் லாரி பேக்கர், ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தைப் பற்றிக்கொண்டு நடுத்தர, ஏழை மக்களுக்கு வீடுகள் கட்டினார். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் அவருடைய எலிப்பொறிக் கட்டில் நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். தளத்தின் உள்ளே பழைய சீமை ஓடுகளைப் பதித்துக் காங்கிரீட்டைக் குறைக்கும் முறையையும் அவர் பரப்பினார். கஜாவில் தப்பிய ஓடுகள் நம் கொல்லைகளில் இன்னும் அடுக்கிக் கிடக்கின்றன.

திரை, கதவு, கயிறு

சிறு வீட்டுக்கு எதிராக நம் குடும்பங்களில் வலுவாகச் சொல்லப்படுவது மறைவு பற்றியது. ஒரே கூடத்தில் பெற்றோர், வளர்ந்த பெண் மக்கள், வந்துபோகும் உறவினர் எப்படி? நியாயமான கேள்வி. ஆனால் மறைவு பற்றிய நம் சட்டங்களே சிறு வீட்டில்தான் பிறந்தன. அந்நூர் அத்தியாயத்தில் அடிமைகளும் சிறுவரும் மூன்று வேளைகளில் அனுமதி கேட்டு நுழைய வேண்டும் என்ற கட்டளை பற்றி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். அக்காலத்தில் மக்களின் வீடுகளில் திரைகள் இல்லை. அதனால் அக்கட்டளை வந்தது. பின்னர் அல்லாஹ் திரைகளையும் வசதியையும் கொடுத்தான். அதன் பிறகு அதன்படி நடப்பவர் எவரையும் தாம் காணவில்லை என்று அவர் மறுமொழி கூறினார். வசதி வந்ததும் ஒழுக்கம் கைவிடப்பட்டதைப் பற்றிய கவலை அதில் ஒலிக்கிறது. நபியவர்கள் ஒருவரின் வாயிலுக்குச் சென்றால் நேர் எதிரே நிற்காமல் வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நின்று ஸலாம் சொல்வார்கள். அதற்கும் அறிவிப்பாளர் கூறும் காரணம், அந்நாளில் வாயில்களில் திரைகள் இல்லை என்பதே. பிள்ளைகளுக்குப் பத்து வயதாகும்போது படுக்கையைப் பிரிக்கச் சொன்ன ஹதீஸும் படுக்கையைத்தான் சொல்கிறது. ஆளுக்கோர் அறையை அன்று.

சகோதரரின் மனை பதினெட்டு அடி அகலம், முப்பத்தாறு அடி நீளம். இருவரும் தாளில் போட்டுப் பார்த்தோம். பன்னிரண்டுக்கு இருபத்தைந்து: முன்னே ஆறரை அடித் தாழ்வாரம், நடுவே பதினொன்றே கால் அடிக் கூடம், பின்னே ஐந்தடியில் சமையற்கட்டும் குளியலறையும், குறுக்கே வரும் மூன்று சுவர்களுக்கு முக்கால் அடி வீதம். பக்கத்தில் ஆறடிச் சந்து, பின்னே பதினோரடிக் கொல்லை. தாழ்வாரத்துக்குச் செங்கல் பின்னல் அடைப்பு. இரவில் ஆண்கள் அங்கே படுக்கலாம், பகலில் விருந்தினர் அங்கேயே அமரலாம், கூடத்துக்குள் வர வேண்டியதில்லை. கூடத்தின் மேற்குச் சுவரில் அலமாரி வைக்காமல் தொழுகைக்கு வெறுமையாக விட்டோம். சாமான்களுக்குச் சுவரிலேயே மாடக்குழிகள், மேலே பரண். கழிப்பிடத்தின் முகம் கிப்லாவுக்குக் குறுக்காக, வடக்கு தெற்காக. பின்னாளில் மாடி எடுக்கலாம் என்று இப்போதே தூண்களைக் கனமாக்கச் சொன்னவர்கள் உண்டு. வராத மாடிக்கு இன்றைய பணத்தைப் புதைக்க வேண்டாம் என்றேன். அவர் உடனே ஒப்பவில்லை. இரண்டு நாள் கழித்து ஒப்பினார்.

வீட்டில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. மூத்த மகள் மட்டும், வட்டி கட்டும் மாடியைவிட இது போதும் அத்தா என்று சொன்னதாகக் கூறினார். சென்ற வாரம் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். தார்ப்பாய் வீட்டைப் பிரித்து எடுத்த இடத்தில் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். ஐப்பசி மழைக்குள் கடைக்கால் முடிக்க வேண்டும் என்கிறார் மேஸ்திரி. கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தெருவாசலுக்கு நேராக இல்லாமல், கூடத்தின் கதவை இரண்டடி தெற்கே தள்ளிக் குறித்திருந்தார்.